தோட்டா முனையில் மஞ்சள் அழுக்கு

ஜனவரி 7, செவ்வாய்

கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் எழுதிவிட வேண்டுமாம். பிரஷர் டாக்டர் சொன்னாராம். அதற்காக வத்சலா இந்த டைரியை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு மதுரைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பத்து நாளில் வந்துவிடுவாளாம். வரட்டும், மெதுவாக வரட்டும். வீடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது.

கோபத்துக்கு எங்கள் ஆபீசில் பஞ்சமே கிடையாது. தடய அறிவியல் கூடம், துப்பாக்கிப் பிரிவு. எனக்கு மேலே துணை இயக்குநர் திருவேங்கடம், சுத்த மடையன். எனக்குக் கீழே ஜெசிந்தா, பிஎச்டி வாங்கிய பயந்தாங்கொள்ளி. நடுவில் நான். இந்தப் பிரிவில் துப்பாக்கி தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் பஞ்சப்படி வந்ததா என்று பார்க்க வருகிறவர்கள்.

இன்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் பார்சல் கொண்டுவந்தார். ஒரு பிஸ்டல், ஆறு தோட்டா, பிணத்திலிருந்து எடுத்த நசுங்கின குண்டு ஒன்று. கட்டியிருந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. கடையில் சீயக்காய் மடிக்கிறவன்கூட இதைவிட ஒழுங்காகக் கட்டுவான்.

கேஸ் இதுதான். நாச்சிமுத்து, மயில்சாமி என்று அண்ணன் தம்பி, தென்னை நார் மில் நடத்துகிறவர்கள். அண்ணன் லைசென்ஸ் வாங்கித் தற்காப்புக்குப் பிஸ்டல் வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், கொட்டுகிற மழையில், அரிவாளோடு ஒரு திருடன் மில் களத்துக்குள் புகுந்தானாம். தம்பியை வெட்டக் கையை ஓங்கினானாம். அண்ணன் சுட்டானாம். குண்டு திருடனின் உடம்பைத் துளைத்துக்கொண்டு பின்னால் நின்ற தம்பியின் நெஞ்சில் பாய்ந்துவிட்டதாம். குண்டடி பட்ட திருடன் மதிலேறிக் குதித்து ஓடிவிட்டானாம், இன்றுவரை அகப்படவில்லையாம். அவன் ரத்தத்தை மழை கழுவிவிட்டதாம். எத்தனை ‘ஆம்’! போலீஸ் சொல்வது சுருக்கம்: திருடனும் இல்லை, கிருடனும் இல்லை. மில் பங்குத் தகராறு, அண்ணன் தம்பியைச் சுட்டான்.

எங்களிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. இந்தத் தோட்டா ஒரு ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்கிற ஆளையும் கொல்லுமா? கொல்லும் என்றால் நாச்சிமுத்து சொல்வதற்கு வழி உண்டு. கொல்லாது என்றால் ஆயுள் தண்டனை.

பார்சலோடு வந்த குறிப்பில் தோட்டாவின் ரகத்தைப் படித்ததுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. குண்டின் முனையில் சின்னக் குழி உள்ள ரகம், வெளிநாட்டுச் சரக்கு, தற்காப்புக்கென்றே செய்வது. உடம்புக்குள் நுழைந்ததும் சதையின் ஈரம் அந்தக் குழிக்குள் அழுத்தும், முனை விரியும், குண்டு அங்கேயே நின்றுவிடும். பின்னால் நிற்கிற அப்பாவிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குழியே. நாச்சிமுத்துவுக்குத் தான் வாங்கின சாமான் இன்னதென்றுகூடத் தெரியவில்லை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

ஜெசிந்தா ஜெலட்டின் காய்ச்சினாள். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், கொதிக்க விடாமல் கரைத்து, அச்சில் ஊற்றி, ஃபிரிஜ்ஜில் உறைய விட வேண்டும். உறைந்த கட்டி மனிதச் சதை தடுக்கிற மாதிரியே குண்டைத் தடுக்கும். கண்ணாடி மாதிரி இருப்பதால் குண்டு போன வழியும் தெரியும். ஏர்கன்னால் ஒரு சின்ன இரும்பு உருண்டையைச் சுட்டு, அது சொன்ன ஆழத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிஜத் துப்பாக்கியை எடுக்க வேண்டும். இதற்கே இரண்டு நாள் ஆகும். எங்கள் கரண்ட் ஒழுங்குக்கு ஒரு வாரம்.

காய்ச்சும்போது துணை இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மாசிலாமணி, இது மாட்டெலும்பா, பன்னித் தோலா?"

"பன்னித் தோல் சார்."

"சிவசிவா. கடல்பாசில பண்ண முடியாதா? எங்காத்துல சைனா கிராஸ்ல அருமையா புட்டிங் பண்றா."

"பண்ணலாம் சார். ஆனா அந்தாள் மனுஷனைச் சுட்டிருக்கான், புட்டிங்கைச் சுடலை."

போய்விட்டார். இவரைக் கொண்டுபோய் விஞ்ஞானி நாற்காலியில் உட்கார வைத்த புண்ணியவான் யாரோ.

ஜனவரி 10, வெள்ளி

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்கிற நம்பர் கேட்டு வத்சலாவுக்குப் போன் செய்தேன். நம்பர் மட்டும் சொன்னாள்.

ஜனவரி 20, திங்கள்

சுட்டாயிற்று.

காலையில் பார்சலைப் பிரித்தால், ஆறு தோட்டாவின் குழியிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்துக் கிடக்கிறது. ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தால் எதுதான் சுத்தமாக இருக்கும்? எலி இருக்கும், கரப்பான் இருக்கும், ரைட்டர் தின்ற பஜ்ஜி இருக்கும்.

ஜெசிந்தா ஆரம்பித்தாள். "சார், ஒருவேளை இதுவும் எவிடன்ஸா இருக்குமோ? ஒரு போட்டோ எடுத்துட்டு..."

"ஆமாம்மா. போலீஸ்காரன் பஜ்ஜி தின்னுட்டு கை கழுவலைங்கறதுக்கு எவிடன்ஸ். ஸ்பிரிட்டை எடு."

அழுக்கோடு தோட்டாவைத் துப்பாக்கியில் போடக் கூடாது என்பது நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டது. சுடப்போகிற நாலை மட்டும் எடுத்து, குண்டூசியால் கெல்லி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். மிச்சம் இரண்டு உறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதையும் துடைக்க நான் என்ன வேலைக்காரனா?

இரண்டு கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோம். முன்னால் இருப்பது இல்லாத திருடன், பின்னால் இருப்பது செத்த தம்பி. நாலு குண்டும் செம்பருத்தி மாதிரி விரிந்து முதல் கட்டிக்குள்ளேயே நின்றன. இரண்டாவது கட்டியில் ஒரு கீறல் இல்லை.

பிணத்தில் கிடைத்த குண்டு முதுகெலும்பில் மோதிச் சப்பளிந்து போயிருக்கிறது. அது விரிந்ததா இல்லையா என்று அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தேவையும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ‘ஒரு மனித உடலைக் கடந்து இரண்டாவது உடலுக்கு உயிர்ச்சேதம் விளைவிக்க இயலாது.’ இன்ஸ்பெக்டர் வைரவன் போனில் சந்தோஷத்தில் கூத்தாடினார்.

"சார், நீங்க தெய்வம் சார். அந்தாளு ஜெயில்ல சோறு திங்காம அழுதுக்கிட்டே இருக்கான். சரியான நடிகன்."

தம்பியைக் கொன்றவனுக்கு அழுகை வராமல் என்ன வரும்? பிடிபட்டால் எல்லோருக்கும்தான் வருகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வத்சலா இன்னும் வரவில்லை. அண்ணி காலில் கட்டுப் போட்டிருக்கிறதாம். அண்ணிக்குக் கால் இரண்டுதானே, எத்தனை மாதம் கட்டுவார்கள்?

ஆகஸ்டு 19, செவ்வாய்

கோயம்புத்தூர் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஜெலட்டினுக்கும் ஜிலேபிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "ஜெல்லுக்கு எலும்பு உண்டா? ஜெல்லுக்கு உயிர் உண்டா?" என்று கேட்டுவிட்டு, பெரிதாக மடக்கிவிட்ட மாதிரி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "உயிர் இருந்தா சுட மாட்டோம் சார், கேஸ் போட்டுடுவாங்க" என்றேன். ஜட்ஜே சிரித்துவிட்டார்.

நாச்சிமுத்துவை முதல் தடவையாகப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம், கூண்டுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். நான் முடித்ததும் கையைக் கூப்பிக்கொண்டு, "ஒரே வெடிதானுங்க வெடிச்சேன். அவன் அருவாளை ஓங்கிட்டு நின்னானுங்க, மயிலு அவனுக்குப் பின்னால நின்னானுங்க. சாமி சத்தியமுங்க" என்றான். ஜட்ஜ் உட்காரச் சொன்னார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்கு அருவருப்பாக இருந்தது. விஞ்ஞானத்தின் முன்னால் சத்தியம் செய்கிறவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெலட்டின் யார் அழுதாலும் அசைந்து கொடுக்காது. அதனால்தான் எனக்கு மனிதர்களைவிட அது பிடிக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருடத்தில் மற்ற நாளெல்லாம் வேலை செய்யாதவர்கள் இன்று மட்டும் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள்.

துணை இயக்குநர் பட்டு வேட்டி கட்டி, கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு, அறை அறையாகப் போனார். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு. ஏர்கன்னுக்குப் பொட்டு. ஜெலட்டின் ஃபிரிஜ்ஜுக்கு மூன்று பொட்டு, மாலை வேறு. பன்னித் தோல் என்றால் ஆகாது, அதை வைக்கிற பெட்டிக்குப் பூசை ஆகும். கடைசியில் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிக்காக அடுக்கி வைத்திருக்கிற தோட்டா ஒவ்வொன்றுக்கும் முனையில் ஆள்காட்டி விரலால் ஒரு பொட்டு வைத்தார், மேலே குங்குமம்.

"சார், அதுக்கெல்லாம் எதுக்கு சார்?"

"அதுதானேய்யா ஆயுதம்! மேஜை நாற்காலிக்கு வெச்சுட்டு அதை விட்டா பாவம்."

சுண்டல் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

விடுமுறை முடிந்து போனதும் முதல் வேலை, கண்ணாடிப் பெட்டித் தோட்டாக்களைச் சுத்தம் செய்வது. வேறு யார் செய்வார்கள்? சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. குழிமுனைத் தோட்டாவில் குழிக்குள்ளேயே போய் அடைத்துக்கொண்டிருந்தது. குண்டூசியால் கெல்லினேன். பொறுக்குப் பொறுக்காக வந்தது. ஸ்பிரிட் பஞ்சில் மஞ்சள் கறை.

பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

உலகத்தில் மஞ்சளாக ஆயிரம் சாமான் இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. நானே கழற்றி மாட்டினேன். இரண்டு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. ஆனாலும் ஓடுகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

போன வருடக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கும் அந்த மில் சம்பவத்துக்கும் நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. சும்மாதான் பார்த்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பொள்ளாச்சி கேஸ் ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"மஞ்சளா இருந்ததே, அதானே சார்?"

ஜனவரியில் நடந்தது. கேட்ட மறு நொடியில் சொல்கிறாள்.

"நான் அப்பவே நினைச்சேன் சார்."

"நினைச்சா சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் சார்."

சொன்னாளாம். சொல்கிற மாதிரி சொன்னால்தானே! ‘ஒருவேளை, ஒருவேளை’ என்று முனகினால் அது சொன்னதாகிவிடுமா? படித்த பெண், மேஜையைத் தட்டிச் சொல்ல வேண்டாமா? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

கேட்டேன். அவள் போய் மாதிரிப் பெட்டியின் சாவியை எடுத்துவந்தாள்.

மாதிரிப் பெட்டியில் அதே ரகத் தோட்டா கொஞ்சம் இருக்கிறது. குழிகளில் சந்தனம் வைத்துக் காய விட்டிருக்கிறோம். ஒன்றும் ஆகப்போவதில்லை. சந்தனமாவது, குண்டு விரிவதைத் தடுப்பதாவது.

அக்டோபர் 9, வியாழன்

ஆகிவிட்டது.

முதல் தோட்டாவைச் சுட்டதும் ஜெசிந்தா கட்டியின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். "உள்ள இல்லை சார்" என்றாள். நான் நம்பவில்லை, நானே போய்ப் பார்த்தேன். முதல் கட்டியை நேராகத் துளைத்துக்கொண்டு, இரண்டாவது கட்டிக்குள் ஒரு முழ ஆழம் போய் நின்றிருந்தது. எடுத்தோம். முனை விரியவே இல்லை. குழி அடைபட்டிருந்தால் ஈரம் எங்கே போய் அழுத்தும்? வெறும் மொட்டைக் குண்டு மாதிரி போயிருக்கிறது.

மிச்சத்தையும் சுட்டோம். அத்தனையும் அப்படியே.

அந்த இரண்டாவது கட்டியைப் பார்க்க முடியவில்லை. ஜனவரியில் என்ன அழகாக எழுதினேன், இயலாது என்று! அந்த ஆள் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். அப்போது எனக்கு அருவருப்பாக இருந்தது.

குற்றம் என்மேல் மட்டுமா? பார்சலோடு வந்த குறிப்பில் ‘முனையில் மஞ்சள் பொருள்’ என்று ஒரு வார்த்தை இல்லை. கைப்பற்றியவன் பார்க்கவில்லை, வக்கீல் பார்க்கவில்லை, சொந்தக்காரனே சொல்லவில்லை. துப்பாக்கிக்குச் சந்தனம் வைக்கிற ஊரில் பிறந்துவிட்டு ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அக்டோபர் 13, திங்கள்

துணை இயக்குநரிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"மாசிலாமணி, இத வெளில சொன்னா நம்ம லேப் சுட்ட பழைய கேஸ் எல்லாம் கிளறுவான். நீர் ரிடையர் ஆகப் போறவர். பென்ஷன் நினைப்பு இருக்கா? விடும். அவனுக்குப் பகவான் விட்ட வழி."

"சந்தனம் வெச்சது பகவான் இல்லை சார்."

அரசு வக்கீலுக்குப் போன் செய்தேன். அந்த ஆள் இன்னும் மோசம். "சார், எவிடன்ஸ் முடிஞ்சாச்சு. ஆர்க்யுமென்ட் பாக்கி. நீங்க பாட்டுக்கு இருங்க. அந்தாளு கொன்னானா இல்லையான்னு உங்களுக்கு நல்லா தெரியுமா?"

தெரியாது. அதுதான் எரிச்சல். குண்டு இரண்டு பேரைத் துளைத்திருக்க முடியும் என்றுதான் என்னால் சொல்ல முடியும். துளைத்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் ‘முடியவே முடியாது’ என்று எழுதி அந்த ஆளின் கழுத்தில் கயிற்றைப் போட்டவன் நான்.

நேராகக் கோர்ட்டுக்கே எழுதிப் போட்டுவிட்டேன். மறு விசாரணைக்குக் கூப்பிடுங்கள், மிச்சம் இரண்டு தோட்டாவையும் அனுப்புங்கள் என்று. நாச்சிமுத்துமேல் பாசம் பொங்கி அல்ல. இந்தக் கூட்டத்தோடு ஒரே பக்கத்தில் நிற்பது எனக்குக் கேவலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

வத்சலாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள். எந்தப் பொண்ணு என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஜெசிந்தாவைத்தான் சொல்லியிருக்கிறாள். இப்போதுதான் புரிகிறது.

நவம்பர் 12, புதன்

இரண்டு தோட்டாவும் கோர்ட்டிலிருந்து வந்தன. ஜனவரியில் நான் ஒட்டிவிட்ட உறை பிரிக்கப்படவில்லை. குழிகள் அடைத்தபடியே இருந்தன. ஒன்றைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், இன்னொன்றைச் சுட்டோம். முதல் கட்டியைத் தாண்டி இரண்டாவது கட்டிக்குள் போய் நின்றது.

நாள் குறித்திருக்கிறார்கள், டிசம்பர் ஒன்பது. ஜெசிந்தாவிடம், "ஜனவரியில நீ சொன்னது சரிதான்" என்றேன். "பரவாயில்லை சார்" என்றாள். எனக்குப் பரவாயில்லையாக இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெளிர்நீலப் புடவை, நெற்றி வெறுமையாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறினாள், திறந்து கொடுத்தேன். அதுவரை எல்லாம் சரி.

"நீங்க எந்தக் கேசுங்க?"

"ஏதோ ஒரு கேஸ்மா" என்றேன். கோர்ட் வராந்தாவில் யாரோடும் பேச்சு வளர்க்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

"நான் எங்க வூட்டுக்காரர் கேசுங்க. எங்க மூத்தாரே, அவரோட கூடப்பொறந்த அண்ணனே சுட்டுப் போட்டாருங்க. இன்னிக்கு என்னமோ புதுசா ஒரு ஆபீசர் வந்து பேசப் போறாருன்னாங்க. அந்த ஆளுக்குத் தண்டனை கெடைக்கறத என் கண்ணுல பாத்துப்புடோணும்."

கோகிலவாணி. மயில்சாமியின் மனைவி. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், யாரிடமாவது சொன்னால் போதும் என்கிற மாதிரி.

"தெய்வமா நெனச்சனுங்க அந்த மனுசனை. அவரு சம்சாரம் அந்தக்கா செத்த பின்னால அந்த வூட்டுக்கும் சேத்து நான்தானுங்க ஆக்கிப் போட்டேன். அந்த ஆயுத பூசைக்குப் பாருங்க, மில்லுல இருக்கற மிசினு அத்தனைக்கும் பொட்டு வெச்சு, சந்தனமே பத்தலீங்க. கடைக்குப் போக நேரமில்லைன்னு கோலத்துக்கு வெச்சிருந்த பச்சரிசி மாவைக் கலந்து கொழச்சனுங்க. அவரு துப்பாக்கிக்கும் வெச்சேன், தோட்டா ஒவ்வொண்ணுக்கும் என் கையால வெச்சேன், எங்க குடும்பத்தைக் காப்பாத்தற சாமான்னு. அதை வெச்சே என் தாலிய அறுத்துட்டாருங்க."

விரலைக் காட்டினாள். ஆள்காட்டி விரல்.

போன மாதம் சுரண்டி எடுத்த தூளில் ஒரு சொட்டு அயோடின் விட்டபோது நீலமாக மாறியது. மாவுச்சத்து. சந்தனத்தில் மாவு எதற்கு என்று ஜெசிந்தா கேட்டாள். "கடைக்காரன் கலப்படம், திருட்டுப் பசங்க" என்று சொல்லி, அறிக்கையில் ‘சந்தனம்’ என்று மட்டும் எழுதச் சொன்னது நான்தான். கலப்படக்காரன் இல்லை, இவள்தான். நான் உள்ளே போய்ச் சொல்லப் போவது இதுதான்: இவள் புருஷனைக் கொன்றது இவள் விரலில் இருந்த சந்தனம்.

அப்போது கூப்பிட்டார்கள். "மாசிலாமணி! மாசிலாமணி!" நான் எழுந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கூண்டில் ஏறிச் சொன்னேன். தோட்டாவைத் துடைத்ததைச் சொன்னேன், உதவியாளர் எச்சரித்ததைச் சொன்னேன், நான் கேலி செய்ததைக்கூடச் சொன்னேன். அரசு வக்கீல் சும்மா விடுவாரா? "பஜ்ஜின்னு நினைச்சீங்களா? இத்தனை வருஷ சர்வீஸ்ல சந்தனத்துக்கும் பஜ்ஜிக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. "தெரியலை" என்றேன். ஆகஸ்டில் ஜெலட்டினுக்கும் ஜிலேபிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று நான் சிரித்தது எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து. அந்த ஆள் மட்டும் இன்று சிரிக்கவில்லை.

சந்தனம் அடைத்த குண்டு இரண்டு உடம்பைக் கடக்கும் என்று நான் சொன்னபோது ஜட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார். பின்வரிசையில் கோகிலவாணி மெதுவாக எழுந்து நிற்பது தெரிந்தது. தன் கையையே பார்த்தாள்.

நாச்சிமுத்துவும் அதைப் பார்த்துவிட்டான்.

"சாமி, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றான், கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவனுடைய வக்கீல் தடுத்தார். அவன் கேட்கவில்லை. ஜட்ஜைப் பார்த்துப் பேசினான், ஆனால் குரல் பின்வரிசைக்குத்தான் போயிற்று.

"அந்தச் சந்தனம் நான் வெச்சதுங்க. கோகிலா வெச்சது வேறைங்க. அம்மிணி வெச்சத நான் அன்னிக்குச் சாயங்காலமே தொடச்சுப் போட்டனுங்க, ஈரம் பட்டாத் துருப்பிடிக்குமேன்னு. அடுத்த நாளு விசயதசமிக்கு நானே கட்டைய எடுத்துக் கல்லுல ஒரைச்சு வெச்சனுங்க. சுத்தமான சந்தனமுங்க. வேற யாரு கையும் படலீங்க. நானேதானுங்க."

கோகிலவாணி நின்றுகொண்டே இருந்தாள். "மெய்யாலுமா மாமா?" என்றாள். கோர்ட்டில் அப்படிப் பேசக் கூடாது. யாரும் தடுக்கவில்லை.

"மெய்யாலுந்தான் அம்மிணி."

பொய். எனக்கு அயோடின் சொல்லியிருக்கிறது. கல்லில் உரைத்த சந்தனத்தில் பச்சரிசி எங்கிருந்து வரும்? தன் உயிர் ஊசலாடுகிற இடத்தில் நின்றுகொண்டு, தம்பியைக் கொன்ற சந்தனத்தைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறான். இவனைத்தான் சரியான நடிகன் என்றார் வைரவன். நானும் தலையாட்டினேன்.

அரசு வக்கீல் விட மாட்டார், அவர் தொழில் அது. என் பக்கம் திரும்பினார். "நீங்க மைக்ராஸ்கோப்ல பார்த்தீங்களே. இவர் சொல்ற மாதிரி உரைச்ச சந்தனமா? வேற ஏதாவது கலந்திருந்ததா?"

ஜட்ஜ் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாச்சிமுத்து என்னைப் பார்த்தான். ஆகஸ்டில் பார்த்த அதே மாதிரி, கை கூப்பவில்லை, அவ்வளவுதான். கோகிலவாணி இன்னும் உட்காரவில்லை. காலையில் பாட்டில் திறந்து கொடுத்தவன் நான்தான் என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் என்னிடம் மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், அதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

"உரைச்ச சந்தனம்தான் ஐயா" என்றேன். "வேற எதுவும் கலக்கலை."

அவள் உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள், சத்தமாக. ஒரு வருடமாக அழாமல் வைத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, கூண்டருகே போய், நாச்சிமுத்துவின் கம்பிமேல் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் விலக்கப் போனார். ஜட்ஜ் வேண்டாம் என்று கையசைத்தார்.

வக்கீல் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். ஜெலட்டினுக்கு உயிர் உண்டா என்று கேட்டவர்தான். "விடுதலை ஆயிடும் சார்" என்றார். சரி என்றேன். அவர் கோட் கொஞ்சம் கிழிந்திருந்தது, போன தடவை கவனிக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஆபீஸ் போனேன். துணை இயக்குநர் என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருக்கிறார். அதில் ‘சந்தனம்’ என்பதில் மூன்று சுழி ணகரம் போட்டிருக்கிறார். திருத்தி அனுப்பினேன்.

மத்தியானம் ஜெசிந்தா டீ கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கவில்லை, அவளே கொண்டுவந்தாள். கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

"சார், அந்த மாவு பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை என்றேன்.